என் பெயரில் ஒரு சிறுநீரகம்

என் மனைவி டார்லாவுக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. இதை நான் சொல்லவில்லை. முப்பத்தொரு முறை பரிசோதித்து, முப்பத்தொரு முறையும் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். பரிசோதித்து என்று சொன்னது தப்பு. தொட்டுப் பார்த்தால்தானே பரிசோதனை? பேசி அனுப்பினார்கள்.

நாங்கள் இருப்பது சுப்பீரியர் ஏரியின் வடகரையில், கிரானைட் பே என்ற ஊரில். குளிரிலேயே பிறந்து வளர்ந்த மினசோட்டாக்காரர்களே வந்து இறங்கி, என்னப்பா இப்படிக் குளிர்கிறது என்று கேட்கிற இடம். என் பெயர் கர்ட் நிஸ்கனென். படகு இஞ்சினும் பனிச்சறுக்கு வண்டியும் ரிப்பேர் செய்கிறவன். டார்லா பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். பதினெட்டு வருஷமாகக் கரையோரச் சாலையை அவள்தான் திறந்துவிடுகிறாள். அவள் தள்ளிய பிறகுதான் பால் வண்டி வரும், பள்ளிக்கூட பஸ் வரும், டாக்டர்கள் தங்கள் வேலைக்கு வருவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் வெள்ளை, அப்புறம் நீலம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை விட்டுப்போனது. பிறகு இரண்டு கன்னத்திலும் சிவப்பாகப் படை. முழங்கால் வீக்கம். காய்ச்சல் வரும், போகும், சொல்லாமல் திரும்பி வரும். சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு நாள் படுக்கை. ஃபின்லாந்துக்காரர் வழிவந்த குடும்பத்தில் ஒருத்தி சனிக்கிழமை சவுனாவுக்கு வரவில்லை என்று சொன்னால், ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை சாகப் போகிறாள் என்று அர்த்தம்.

ஆகவே மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவமனை என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். ‘முழுமனித நல மையம்’ என்று சொல்ல வேண்டும். பழைய பெயர் இருந்த காலத்தில் உள்ளே படுக்கைகள் இருந்தன. இப்போது மூங்கில் செடியும், கூழாங்கல் மேல் தண்ணீர் ஓடும் ஏற்பாடும், சாய்வு நாற்காலிகளும் இருக்கின்றன. சிறுநீர் முட்டிக்கொண்டு வரும் கிழவர்களை அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் ‘பரவாயில்ல’ என்போம். வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும், பரவாயில்ல, குளிருக்கு இதமா இருக்கு என்போம். டார்லாவின் அப்பா மேல் மரம் விழுந்து, மூன்று மணி நேரம் பனியில் கிடந்து, கண்டெடுத்தவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இரண்டாவது வார்த்தை, உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேனே என்பது. ஆகையால் நர்ஸ் ட்ருடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, “எப்படி இருக்கீங்க டார்லா?” என்று கேட்டபோது டார்லா என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். ட்ருடியும் இந்த ஊர்க்காரிதான், அவளுக்கும் அர்த்தம் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ‘நலமாக இருப்பதாக நோயாளி தெரிவிக்கிறார்’ என்று அது எழுதிக்கொண்டது. அதற்குக் கீழே டார்லா சொன்ன பதினாறு கோளாறுகள். அதற்கும் கீழே சிவப்பில், ‘முன்னுக்குப் பின் முரண்.’

அடுத்தது வலிக்கு எண் சொல்லும் சடங்கு. சுவரில் பதினோரு முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரைக்கும். பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. டார்லா நாலு என்றாள். பத்து என்பது கரடி காலைக் கடித்துக்கொண்டு போன பிறகு சொல்ல வேண்டிய எண், அதையும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டும் என்பது அவள் வளர்ந்த முறை. நாலு என்றால் இவ்வளவு புகார் பொருந்தவில்லை என்று எழுதினார்கள். அடுத்த முறை நான் அடித்துச் சொல்லிக் கூட்டிப் போனேன், ஒன்பது என்றாள். ஆனால் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ‘சிரித்தபடி ஒன்பது என்கிறார், மிகைப்படுத்தும் குணம்.’ மூன்றாவது முறை நிஜமாகவே யோசித்து, ஆறரை என்றாள். அரைக்கு ஒரு தனிக் குறிப்பு போட்டார்கள், நுணுக்கங்களில் அளவு மீறிய பிடிவாதம் என்று.

உதட்டுச்சாயம் போட்டுக்கொண்டு போனால் நன்றாக இருக்கிறாள். போடாமல் போனால் மனச்சோர்வு. என்னத்தைச் சொல்ல.

மையத்தின் தலைவர் டாக்டர் வின்ஃபீல்ட் ஏம்ஸ். வெள்ளைக் கோட்டு போட மாட்டார், நோயாளிகளுக்கு அது பயம் தருமாம். ஆட்டு ரோம ஸ்வெட்டரில் வந்து, நாற்காலியை நம் முழங்கால் இடிக்கிற தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்டபடியே இருப்பார். அவ்வளவு அழகாகக் கேட்கிற மனுஷரை நான் பார்த்ததில்லை. காதில் விழுந்ததற்கு மட்டும் ஒரு அடையாளமும் இருக்காது.

நாங்கள் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனோம். எந்தத் தேதியில் என்ன வலி, எவ்வளவு காய்ச்சல், எந்த விரல் நீலமானது என்று. வண்டி ரிப்பேருக்கு அப்படி எழுதிக்கொண்டு வருகிற வாடிக்கையாளரை நான் கட்டிப்பிடித்துக் காபி கொடுப்பேன். டாக்டர் ஏம்ஸ் அதை இரண்டு விரலால் வாங்கி, படிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

“எழுதிக்கிட்டு வர்றவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதின கை நல்லா இருக்குன்னு தெரியுதுல்ல?” என்றார்.

அது என் கையெழுத்து என்று சொன்னேன். கணவரின் ஈடுபாடு கவனிக்கத்தக்கது என்று ட்ருடியிடம் சொல்லி எழுதச் சொன்னார். அடுத்த முறை பட்டியல் இல்லாமல் போனோம். தேதிகள் சரியாக நினைவில்லை என்று டார்லா சொன்னதும், விவரம் தெளிவில்லை என்று எழுதினார்கள்.

அப்புறம் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள். சோர்வாக இருக்கிறதா? தூக்கம் கெடுகிறதா? பசி குறைந்திருக்கிறதா? முன்பு செய்த காரியங்களைச் செய்ய முடியவில்லையா? காய்ச்சல் கண்ட கோழியிடம் கொடுத்தாலும் அது எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் குறி போடும். டார்லாவும் போட்டாள். இருபத்தேழுக்குப் பத்தொன்பது மதிப்பெண். பள்ளிக்கூடத்தில்கூட அவள் அவ்வளவு வாங்கியதில்லை. டாக்டர் ஏம்ஸ் முகத்தில் ஒரு நிம்மதி.

“டார்லா, ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. உங்க வலி நிஜம். அதை இந்த மையத்துல யாரும் மறுக்க மாட்டாங்க. நூத்துக்கு நூறு நிஜம். வலிக்கிற இடம் மட்டும்தான் நிஜமில்ல” என்றார்.

எனக்கு உட்காரவே முடியவில்லை. என் கடைக்கு ஒரு இஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் நான் மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். அதன் சின்ன வயசைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். இதைச் சொன்னேன். மனைவியை இஞ்சினோடு ஒப்பிட்டுப் பேசும் கணவரோடு வாழ்வது டார்லாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டார். அவள் பரவாயில்லை என்றாள்.

அன்றிலிருந்து அவள் கோப்பில் மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டை விழுந்துவிட்டால் இருமலோ, கண் எரிச்சலோ, எதைச் சொல்லி நுழைந்தாலும் கம்ப்யூட்டர் நேராக மூச்சுப் பயிற்சி அறைக்கு அனுப்பும். இரத்தம், சிறுநீர் எதையும் சோதிக்கச் சொல்லி எழுத முடியாது, அந்தக் கட்டமே திறக்காது. பன்னிரண்டு வகுப்பு முடித்தால்தான் திறக்கும். வேறு ஊருக்குப் போகலாமே என்பீர்கள். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் கோப்பு போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே இருந்த டாக்டரம்மா மஞ்சளைப் பார்த்ததும், “டாக்டர் ஏம்ஸா? குடுத்துவெச்சவங்க நீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜனவரியில் டார்லா அந்த மையத்தின் வண்டி நிறுத்தும் இடத்திலேயே வழுக்கி விழுந்தாள். இடம் முழுக்கப் பனி. யாரும் தள்ளவில்லை. தள்ள வேண்டியவள் சுகமில்லாமல் விடுப்பில் இருந்தாள், அவள்தான் விழுந்து கிடந்தாள். மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் மஞ்சளைக் காட்டியது. மூச்சுப் பயிற்சி அறையில் உட்கார வைத்து, கண்ணை மூடி, கை நேராக இருப்பதாக நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவள் பாவம், நினைத்தும் பார்த்தாள். நான் கூழாங்கல் தொட்டியில் காலை விட்டு நின்றுகொண்டு கத்தின கத்தலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு இடத்தில் முறிவு. டாக்டர் ஏம்ஸ் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார், முறிவு உடல் சார்ந்தது என்று. விழுந்தது மனம் சார்ந்தது என்று கீழே ஒரு வரி சேர்த்தார்.

மூச்சுப் பயிற்சி வகுப்பை நடத்தியவள் ப்ளைத் என்ற பெண். குரல் தேனாக இருக்கும். வகுப்பில் பதினான்கு பேர். பதின்மூன்று பேர் பெண்கள். பதினான்காவது ஆள் செவித்திறன் கருவி வாங்க வந்து அறை மாறி உட்கார்ந்தவர், மரியாதைக்காக எழுந்து போகாமல் நாலு வகுப்பு இருந்தார். வலிக்கிற மூட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றாள் ப்ளைத். டார்லா கட்டுப்போட்ட கையால் தன் வலது முழங்காலுக்கு எழுதினாள். ‘அன்புள்ள முழங்காலுக்கு, நலம். நீ எப்படி இருக்கிறாய்? இங்கே பனி அதிகம். உனக்கு இதனால் ஏதும் தொந்தரவு இருந்தால் மன்னிக்கவும்.’ உணர்ச்சியை அடக்குகிறாள் என்று அதற்கும் குறிப்பு.

டார்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் மேவிஸ், பள்ளிக்கூடத்தில் இசை டீச்சர். அவளுக்கும் டார்லாவைப் போலவே படை, வீக்கம், காய்ச்சல், மஞ்சள் பட்டை. இரண்டு பேரும் வெளியே வந்து என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு ப்ளைத்தைப் போலப் பேசி, விலா வலிக்கச் சிரிப்பார்கள். ஏழாவது வகுப்புக்கு மேவிஸ் வரவில்லை. எங்கே என்று டார்லா கேட்டாள். மேவிஸ் வகுப்பைப் பூர்த்திசெய்துவிட்டதாக ப்ளைத் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கொடுத்த தாளில் பார்த்தோம், புதன்கிழமை அடக்கம். சிறுநீரகம் இரண்டும் போயிருந்ததாம். அடக்கத்துக்கு ப்ளைத்தும் வந்திருந்தாள், அழவும் அழுதாள்.

“எவ்வளவு அழகா மூச்சு விடுவாங்க. உடம்புதான் கடைசி வரைக்கும் ஒத்துழைக்கல” என்றாள் என்னிடம்.

அடக்கம் முடிந்து கொடுத்த சாப்பாட்டுத் தட்டை நான் அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அன்று சாயங்காலம் டார்லா காலுறையைக் கழற்றினாள். கணுக்காலில் ரப்பர் வளையம் பதிந்து அப்படியே பள்ளமாக நின்றது. கட்டை விரலால் அழுத்தினால் குழி எழும்பவில்லை. குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள், பீர் ஊற்றினது மாதிரி நுரை. இரண்டு வாரமாக இப்படித்தான் என்றாள். மேவிஸும் இதையே சொல்லியிருந்தாளாம். நான் பயத்தை மறைக்கப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் கடையில் ப்ரொபெல்லர் என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட அதே மையத்துக்குப் போனேன். எனக்கு மஞ்சள் பட்டை கிடையாது. தையல் போட்ட டாக்டர், வேற ஏதாவது தொந்தரவு உண்டா என்று பேச்சுக்குக் கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, ஆத்திரம்தான், டார்லாவுக்கு இருப்பதையெல்லாம் எனக்கு இருப்பதாகச் சொன்னேன். அதுவும் கால்வாசிதான் சொன்னேன். கணுக்கால் லேசாக வீங்குகிற மாதிரி, யூரினில் நுரை மாதிரி.

மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். எத்தனை நாளா, ஏன் சார் இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க, உங்களை மாதிரி ஆளுங்க வலியை வெளிய காட்டவே மாட்டீங்க என்று பதறினார். அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். என் கட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. யூரினுக்கு ஒரு சின்ன டப்பா கொடுத்து, நாளைக் காலை கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தேன். டார்லா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டினவள், ஒரு வழி திறந்தால் விளக்கவா வேண்டும்?

மறுநாள் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வருவதற்குள் மூன்று முறை போன் வந்துவிட்டது. மிஸ்டர் நிஸ்கனென், வண்டி ஓட்டாதீங்க, உட்காருங்க, பக்கத்தில் யாராவது இருக்காங்களா? யூரினில் புரதம் கொட்டுகிறது, ரத்தம் கலந்திருக்கிறது, உங்கள் உடம்பே உங்கள் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, இதற்குப் பேர் லூபஸ், ஊசி போட்டு ஒரு துணுக்கு சதை எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு பயாப்ஸி என்று பேர், பார்த்துவிட்டால் உடனே மருந்து, மருந்து இருக்கிறது, பயப்படாதீர்கள். மூன்று வருஷமாக நாங்கள் கேட்க ஏங்கின வார்த்தை அது. நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பைத்தியம் என்பீர்கள். அவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

ஏனென்றால் நாங்கள் நேர்மையானவர்கள், அதாவது முட்டாள்கள். இரண்டு பேருமாக டாக்டர் ஏம்ஸிடம் போய் உண்மையைச் சொன்னோம். அவர் அறையில் ட்ருடி குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள்.

“டாக்டர், அந்த யூரின் என்னோடது இல்ல. இவளோடது. எனக்கு ஒண்ணுமே இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

“கர்ட், இதைச் சொல்றதுக்கு எவ்வளவு மனசு வேணும்னு எனக்குத் தெரியும். பெரிய வியாதின்னு கேட்டதும் ‘அது எனக்கில்ல’ங்கிறதுதான் ஆம்பளைங்க சொல்ற முதல் வார்த்தை. அது பொண்டாட்டிக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்.”

“ரத்தம் எடுத்தீங்களே, அதுல ஒண்ணும் இல்லையே?”

“அதான் ஆச்சரியம். உங்க ரத்தமும் ஒத்துக்க மாட்டேங்குது.”

டார்லா குனிந்து காலுறையைச் சுருட்டினாள். கட்டை விரலால் அழுத்திக் காட்டினாள். குழி அப்படியே நின்றது. டாக்டர் ஏம்ஸ் அதை வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாருங்க கர்ட். உங்களுக்காக அவங்க வீங்கியிருக்காங்க” என்றார்.

டார்லாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவில்லை. ஒரு டப்பா குடுங்க, இப்பவே, வேணும்னா ட்ருடி கூட வந்து நிக்கட்டும் என்றாள். மூன்று வருஷத்தில் அவள் இந்த மையத்தில் கேட்ட ஒரே பொருள் அந்த ஒரு டப்பாதான்.

டாக்டர் ஏம்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டார்லா, உங்களுக்கு டெஸ்ட் எடுத்தா, உங்களுக்கு ஏதோ இருக்குன்னு நாங்களே நம்பற மாதிரி ஆயிடும். எடுத்து ஒண்ணும் இல்லைன்னு வந்தா நல்லது. ஏதாவது இருந்துட்டா? மூணு வருஷமா நாம சேர்ந்து கட்டின நம்பிக்கை என்ன ஆகறது? இந்த மையத்துக்கு வர்ற மத்த பொம்பளைங்க என்ன நெனப்பாங்க? எல்லாரும் டப்பா கேட்க ஆரம்பிச்சா, நாங்க முழு மனுஷனை எப்பப் பார்க்கறது? இன்னும் அஞ்சு வகுப்புதான். மூச்சு விடுங்க.”

மேவிஸுக்கும் எத்தனை வகுப்பு பாக்கி இருந்தது என்று டார்லா கேட்டாள். நோயாளிகளின் விவரம் ரகசியம் என்றார் அவர்.

எனக்கு ‘மறுப்பு மனநிலை’ என்று எழுதினார்கள். ஆனால் மஞ்சள் பட்டை போடவில்லை, சிறுநீரகம் அவசரமாம். டார்லாவுக்குக் கணவரின் நோயைத் தன் நோயாகப் பாவித்தல் என்று கூடுதலாக ஒன்று. வெளியே வரும்போது ட்ருடி எங்களோடு கதவு வரை வந்தாள். தாளைப் பார்த்து வாசிக்கிறவள் போல, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“கர்ட் நிஸ்கனென். வியாழக்கிழமை எட்டு மணி, மூணாம் மாடி. பயாப்ஸிக்குக் குப்புறத்தான் படுக்கணும். தலைக்குத் தொப்பி, மேல துணி. அங்க யாரும் முகத்தைப் பாக்கறதில்ல, கையில கட்டுற பட்டையைத்தான் பாப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “மேவிஸ் என் பொண்ணுக்குப் பியானோ சொல்லிக் குடுத்தா. நான் உங்ககிட்ட எதுவும் சொல்லல.”

வியாழக்கிழமை வரைக்கும் மூன்று நாளும் நான் தூங்கவில்லை. வீட்டுக்குள் நடந்தேன், கடைக்குள் நடந்தேன். இடுப்பு வழியாகச் சிறுநீரகத்தில் ஊசி இறக்குவது விளையாட்டில்லை. ரத்தம் உறைகிறதா என்று என்னைத்தான் சோதித்திருந்தார்கள். அவளுக்கு உறையாவிட்டால்? புதன்கிழமை வண்டியில் வைத்து அவளிடம் கேட்டேன், வேணாம் டார்லா, இன்னும் அஞ்சு வகுப்பை முடிச்சிடேன் என்று. அதைச் சொன்ன வாயை என்ன செய்வது.

“அஞ்சு வகுப்புன்னா அஞ்சு வாரம். இன்னைக்கு எனக்கு ஷூ நுழையல கர்ட்” என்றாள்.

வியாழக்கிழமை பதிவு மேடையில் என் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார்கள். பெயர், பிறந்த தேதி, கோடு கோடாக ஒரு குறி. தோல் அரிக்கும் என்று சொல்லித் தளர்வாகக் கட்டச் சொன்னேன். கூட வந்தவருக்கு ஒட்டும் சீட்டு ஒன்று கொடுத்தார்கள், ‘மனைவி’ என்று. உடை மாற்றும் தடுப்புக்குள் போய், சுவரில் இருந்த கை கழுவும் திரவத்தைப் பாதிக் குப்பி எடுத்துத் தேய்த்து, தோலும் கொஞ்சம் உரிந்து, பட்டையைக் கழற்றினேன். டார்லாவின் கையில் அது வளையல் மாதிரி ஆடியது. சீட்டை நான் என் சட்டையில் ஒட்டிக்கொண்டேன். ஆறடி மூன்று அங்குலம், வயிறு வரைக்கும் தொங்கும் தாடி, நெஞ்சில் ‘மனைவி’ என்ற சீட்டு. ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

டார்லா குப்புறப் படுத்தாள். தொப்பி, துணி. ஒரு நர்ஸ் வந்து பட்டை மேல் கருவியைக் காட்டினாள், அது கீச்சென்றது, திருப்தியாகப் போய்விட்டாள். இன்னொருத்தி வந்து காட்டினாள், கீச்சென்றது. லேசாக மயக்கம் வர மருந்து ஏற்றினார்கள். சிறுநீரக டாக்டர் வந்தார், சின்ன வயசு, நல்ல பையன் மாதிரிதான் இருந்தார். அவரும் கீச்சென்று காட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். பயப்படாதீங்க மேடம், உங்க வீட்டுக்காரரைப் பத்திரமாப் பாத்துக்கறேன் என்று என்னிடம் சொன்னார். நான் ம் என்றேன்.

பிறகு அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். மூட்டு வலி இருக்கா? தலையணைக்குள்ளிருந்து டார்லா இருக்கு என்றாள். தட்டெழுதினார். காய்ச்சல்? இருக்கு. தட்டெழுதினார். விரல் வெளுக்குமா? முகத்தில் படை? வெயிலில் போனால் அதிகமாகுமா? ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்னதை அப்படியே எழுதினார். அப்படியே. எதிர்க்கேள்வி இல்லை, சிரித்தாளா என்று பார்க்கவில்லை, வீட்டில் எல்லாம் சுமுகமா என்று கேட்கவில்லை. துணிக்குக் கீழே அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுதாள். நானும் மூலையில் உட்கார்ந்து தாடிக்குள் அழுதேன்.

“எவ்வளவு நாளா சார் இருக்கு?”

“மூணு வருஷமா.”

டாக்டரின் விரல்கள் நின்றுவிட்டன. முதன்முறையாகத் திரும்பி, படுத்திருந்த முதுகைப் பார்த்தார். குரலில் நிஜமான மரியாதை இருந்தது.

“மூணு வருஷமாவா? பெரிய ஆளு சார் நீங்க. இவ்வளவையும் தாங்கிக்கிட்டு இருந்திருக்கீங்களே. ஏன் சார் முன்னாடியே வரல?”

டார்லா தலையணையிலிருந்து முகத்தைக் கொஞ்சமாகத் திருப்பினாள்.

“வந்தேன் டாக்டர்” என்றாள். “அப்ப நான் பொம்பளையா இருந்தேன்.”

டாக்டர் நர்ஸைப் பார்த்துத் தலையாட்டினார். மயக்க மருந்து நல்லா ஏறிடுச்சு என்று சொல்லிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தார்.